மல்பெரி முதல் கார்பன் வரை: ஒரு ஹாக்கி மட்டையின் கதை

"மெக்கானிக்கல் படிச்சவன்தானே, ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க்குழு நண்பர் நிபந்தனை போட்டார். என்ன எழுதலாம் என்று யோசித்தபோது நம் கல்லூரி உடற்கல்வி அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. சுவரோரம் கோணிப்பையில் சொருகி வைத்த ஹாக்கி மட்டைகள். கைப்பிடித் துணி நைந்து, அடிப்பகுதி சிராய்ந்து, சில மட்டைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி இருக்கும். விளையாடியவர்களுக்கும், வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அது வெறும் மட்டை. கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தால் அதற்குள் ஒரு நாட்டுப் பிரிவினை, ஒரு கைத்தொழில், பொருளறிவியல், ஏற்றுமதிச் சந்தை எல்லாமே இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காந்தம் இருந்ததாம்!

தியான்சந்த் பற்றி எல்லோரும் கேள்விப்பட்ட கதை ஒன்று உண்டு. பந்து அவருடைய மட்டையை விட்டு நகரவே இல்லையாம். சந்தேகப்பட்டு, உள்ளே காந்தம் இருக்கிறதா என்று மட்டையை உடைத்துப் பார்த்தார்களாம். இன்னொருவர் பசை தடவியிருக்கிறார் என்றாராம். இந்தக் கதை நடந்ததா, கட்டியதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ், 1936 பெர்லின் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் அவர் ஆடினார், மூன்றிலும் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது என்பது வரலாறு. 1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஹாக்கித் தங்கம் நம்முடையதுதான்.

பொறியாளன் கண்ணோடு பார்த்தால் அந்தக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. எதிராளியின் திறமைக்கு விளக்கம் கிடைக்காதபோது மனிதன் அவன் கையிலுள்ள கருவியைச் சந்தேகிக்கிறான். அந்தச் சந்தேகம் முழுக்கத் தவறும் இல்லை. மட்டைக்குள் காந்தம் இல்லைதான். ஆனால் இந்திய மட்டை ஐரோப்பிய மட்டையிலிருந்து வேறுபட்டிருந்தது உண்மை. இங்கிலாந்தின் பழைய மட்டைகள் ஆஷ் என்ற மரத்தில் செய்யப்பட்டவை. அந்த மரத்தை இறுக்கமாக வளைத்தால் பிளந்துவிடும். அதனால் அடிமுனை நீளமாக, அகன்ற வளைவோடு இருந்தது. பஞ்சாப் கைவினைஞர்கள் பயன்படுத்திய மல்பெரி, அதாவது பட்டுப்பூச்சிக்கு இலை போடுகிற நம் முசுக்கட்டை மரம், இழை முறியாமல் இறுக்கமாக வளையக்கூடியது. அதனால் அடிமுனையைக் குட்டையாகச் செய்ய முடிந்தது. முனை குட்டையானால் பந்துக்கு மேலே மட்டையை இப்படியும் அப்படியும் நொடியில் திருப்பலாம். உலகம் வியந்த இந்திய டிரிப்ளிங்குக்குக் கை வேகம் ஒரு காரணம் என்றால், அந்தக் குட்டை முனை இன்னொரு காரணம். காலப்போக்கில் ஐரோப்பியர்களும் அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

சியால்கோட்டிலிருந்து ஜலந்தருக்கு

மட்டைத் தொழிலின் பிறப்பிடம் சியால்கோட். இன்று பாகிஸ்தானில் இருக்கும் அந்த நகரத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்தது. சிப்பாய்களும் அதிகாரிகளும் விளையாட மட்டைகள் வேண்டும். கப்பலில் வருவதற்கு மாதக்கணக்காகும். உள்ளூர்த் தச்சர்கள் பழுது பார்க்கத் தொடங்கி, பிறகு தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சியால்கோட்டிலிருந்து விளையாட்டுப் பொருள்கள் வெளிநாட்டுக்கே போக ஆரம்பித்துவிட்டன. மல்பெரிக்கும் பஞ்சமில்லை. ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று 1866-ல் லாகூருக்குத் தெற்கே சாங்கா மாங்கா என்ற இடத்தில் நட்டு வளர்த்த காடு பின்னாளில் மட்டைத் தொழிலுக்கும் மரம் கொடுத்தது. விறகுக்காக நட்ட மரத்திலிருந்து ஒலிம்பிக் தொழில்!

1947-ல் எல்லைக்கோடு விழுந்தது. சியால்கோட்டிலிருந்த இந்து, சீக்கியத் தொழில் முனைவோரும் கைவினைஞர்களும் வீடு வாசலை விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தார்கள். பெரும்பாலோர் ஜலந்தரில் குடியேறினார்கள், ஒரு பகுதியினர் மீரட்டுக்குப் போனார்கள். இயந்திரம் எதையும் கொண்டுவர முடியவில்லை. கொண்டுவந்தது கைத்தொழில் ஒன்றுதான். ஜலந்தரின் பஸ்தி என்று அழைக்கப்படும் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு பட்டறை தொடங்கியது. பிற்காலத்தில் நம்ம ஊர்ப் பள்ளி, கல்லூரிகளுக்குச் சென்னை பெரியமேட்டுக் கடைகள் வழியாக வந்து சேர்ந்த மட்டைகளில் ஜலந்தர், மீரட் முத்திரை இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு மரமட்டை உருவாகும் விதம்

மாணவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவேண்டும். ஏனென்றால் நாம் வகுப்பில் படித்த பாதிப் பாடம் இதற்குள் இருக்கிறது.

மல்பெரிக் கட்டையை இழை நேராக ஓடும்படி அறுப்பார்கள். முடிச்சு இருந்தால் கழித்துவிடுவார்கள். வெந்நீரிலோ நீராவியிலோ மரத்தை இளக்கி, ஒரு முனையை வளைத்து, கட்டிவைத்து, மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். இழை வளைவோடு சேர்ந்தே திரும்பவேண்டும். வளைந்த வடிவில் அறுத்து எடுத்தால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு முதல் அடியிலேயே முறிந்துவிடும். கைப்பிடி தனி. பிரம்புகளைச் சீவி, பக்கத்தில் பக்கமாக ஒட்டி, நடுவில் ரப்பர்ப் பட்டைகளைச் செருகுவார்கள். அடித்த அதிர்ச்சி கையில் ஏறாமல் இருக்க அந்த ரப்பர். இதுதான் நாம் டேம்பிங் என்று படித்த விஷயம். கைப்பிடியின் கீழ்முனையை ஆப்பு வடிவில் செதுக்கி, மரத்தில் அதற்கேற்ற பள்ளம் வெட்டிச் சேர்த்து ஒட்டுவார்கள். நூல் சுற்றி, இழைத்து, மெருகு போட்டால் மட்டை தயார்.

இதில் எங்கேயும் வரைபடம் இல்லை. அளவுகருவி என்று பார்த்தால் ஒரு தராசும் ஒரு வளையமும்தான். மட்டை எங்கும் தடிமனாகிவிடாமல் இருக்க, அது குறிப்பிட்ட வளையத்தின் வழியே நுழைந்து வரவேண்டும் என்பது நெடுநாள் விதி. மற்றபடி நல்ல மட்டையா என்று சொல்வது மிஸ்திரியின் காதும் கையும். தரையில் ஒரு தட்டு தட்டி, ஓசையைக் கேட்டே "இது தாங்கும், இது தாங்காது" என்பார்களாம். மரம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆகவே மட்டையும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. கடையில் இருபது மட்டையை எடுத்துத் தூக்கிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அக்கால ஆட்டக்காரர்களின் வழக்கம். மழைக்காலம் வந்தால் இன்னொரு தொல்லை. "மட்டையத் தண்ணியில போடாதீங்கடா, வாய் பிளந்துக்கும்" என்று பி.டி. சார் சத்தம் போடாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

தரை மாறியது

1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் அஜித்பால் சிங் தலைமையில் இந்தியா உலகக்கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 2-1 என்று தோற்கடித்த அந்த அணியில் நம் தமிழ்நாட்டு வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார். அது புல்தரையில் நடந்த போட்டி.

அடுத்த ஆண்டே, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்தது. உலக சாம்பியனான இந்தியா ஏழாம் இடம். தங்கம் நியூசிலாந்துக்கு, வெள்ளி ஆஸ்திரேலியாவுக்கு. பதினாறு மாத இடைவெளியில் என்ன ஆயிற்று?

மண்ணிலும் புல்லிலும் பந்து துள்ளும், திசை மாறும். அதை அடக்கி, தட்டித் தட்டிக் கொண்டுபோகிற திறமைக்கு அங்கே மதிப்பு. செயற்கைத் தரை சமதளம். மேலே தண்ணீர் தெளித்துவிட்டால் உராய்வு இன்னும் குறையும். பந்து கேரம்போர்டு காய் மாதிரி வழுக்கிக்கொண்டு நேராக ஓடும். தட்டிக்கொண்டு நிற்பவனை விட, தூரத்திலிருந்து ஓங்கி அனுப்புகிறவனுக்கும், ஓடிப்போய் அதை நிறுத்துகிறவனுக்கும் லாபம். உடல் வலுவும் ஓட்டமும் முக்கியமாயின. இன்னொன்று, பணம். ஒரு செயற்கைத் தரைக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் தெளிக்கவேண்டும். ஐரோப்பாவில் சாதாரண கிளப்புகளே அந்தத் தரையைப் போட்டுக்கொண்டபோது, நம் பிள்ளைகள் கட்டாந்தரையில் பழகி, போட்டி அன்றுதான் புதுத்தரையில் கால் வைத்தார்கள்.

1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா எட்டாவது தங்கத்தை வென்றது. பல முன்னணி நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. அதன் பிறகு ஒரு பதக்கத்துக்கு 41 ஆண்டுகள் காத்திருந்தோம். 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை.

எல்லாப் பழியையும் தரை மேலேயே போட்டுவிடுவதும் நியாயம் இல்லை. நம்மைப் போலவே மல்பெரி மட்டையோடு மண்தரையில் பழகிய பாகிஸ்தான் 1984-ல் ஒலிம்பிக் தங்கமும் 1994-ல் உலகக்கோப்பையும் வென்றது. தரை மாற்றம் கதவைச் சாத்தவில்லை. நுழைவுக் கட்டணத்தை ஏற்றிவிட்டது என்று சொல்வதே சரி.

தரையைப் பார்த்து மட்டையும் மாறியது

வேகமாக வரும் பந்தை நிறுத்த, மட்டையைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் தரையில் கிடத்துவது புதுத்தரையில் வசதி. அதற்குக் குட்டை முனை போதாது. 1980-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த டூன் கூலன் என்பவர் முனை நன்றாக மேலே திரும்பி வளைந்த கொக்கி வடிவத்தைக் கொண்டுவந்தார். ஒற்றை மரத்தை அவ்வளவு வளைத்தால் தாங்காது. மெல்லிய பட்டைகளாகச் சீவி, வளைத்து, அடுக்கி ஒட்டினால் தாங்கும். ஆகவே லேமினேட் முனைகள் வந்தன. அங்கேதான் முதல் மாற்றம்: மரத்தின் குணத்தை நம்பியிருந்த இடத்தில் பசையின் குணம் முக்கியமாயிற்று.

அடுத்து, மரத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றினார்கள். பிறகு கார்பன் இழையும் அராமிட் இழையும் வந்தன. 1990-களில் சர்வதேச ஹாக்கிச் சம்மேளனம் மரம் அல்லாத பொருள்களுக்கும் வழிவிட்டது. அலுமினியக் கைப்பிடி மட்டைகளும் கொஞ்ச காலம் தலைகாட்டின. உலோகம் ஆபத்து என்று விலக்கப்பட்டது. இன்றைய விதிப்படி உலோகம் தவிர வேறு எந்தப் பொருளிலும், அபாயம் இல்லாதவரை, மட்டை செய்யலாம். 2000-க்குப் பிறகு முழுக்க இழையும் பிசினும் கொண்ட காம்போசிட் மட்டைதான் பெரிய போட்டிகளின் மட்டை என்றாகிவிட்டது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கணக்கு போதும். மரத்தின் மீள்திறன் கெழு, இழை ஓடும் திசையில், சுமார் 10 ஜிகாபாஸ்கல். ஒரே திசையில் அடுக்கிய கார்பன் எபாக்சி சுமார் 130. அடிக்கும்போது மட்டை எவ்வளவு குறைவாக வளைகிறதோ அவ்வளவு குறைவாக ஆற்றல் வீணாகும்; பந்து அவ்வளவு வேகமாகப் போகும். ஆனால் கார்பனுக்கு ஒரு குறை, நொறுங்கும் தன்மை. அதனால் விரிசல் ஓடாமல் பிடிக்க அராமிட், விலையைக் குறைக்கக் கண்ணாடி இழை என்று கலக்கிறார்கள். எந்த இழை எத்தனை அடுக்கு, எந்தக் கோணம் என்பதுதான் இன்றைய மிஸ்திரியின் ரகசியம். பிசின் தோய்த்த இழைத் துணியைக் காற்றுப்பையைச் சுற்றிப் பொதிந்து, இரண்டாகத் திறக்கும் அச்சில் வைத்து மூடி, உள்ளே காற்றழுத்தமும் வெளியே வெப்பமும் கொடுத்தால் மட்டை வந்துவிடும். மாதக்கணக்கில் உலர்த்தும் வேலை இல்லை. ஆயிரமாவது மட்டையும் முதல் மட்டை மாதிரியே இருக்கும்.

அச்சில் வார்ப்பதால் இன்னொரு சுதந்திரமும் கிடைத்தது. மட்டையின் தண்டை வில் போல வளைக்கலாம். பந்தைத் தண்டோடு உருட்டிக்கொண்டுவந்து சுண்டிவிடும் டிராக் ஃப்ளிக்குக்கு அந்த வில் பெரிய உதவி. பெனால்டி கார்னரின் முகமே மாறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் போட்டு முதலிடத்தில் இருந்தார் என்றால், அவருடைய உழைப்பையும் தோள் வலுவையும் சொல்லும்போது அந்த வில்லையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

பனிமலையிலும் இதே கதை

இது ஹாக்கிக்கு மட்டும் வந்த விதியா என்று பார்க்க வேறொரு விளையாட்டைத் திறந்து பார்ப்போம். பனிச்சறுக்கு. நம்மில் பலர் பனியைச் சினிமாப் பாட்டில்தான் பார்த்திருக்கிறோம். ஆனாலும் இந்தியாவுக்கு அதில் இடம் உண்டு. 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவுக்காக மலைச்சறுக்கில் கலந்துகொண்டார். 2022 பெய்ஜிங்கில் காஷ்மீரின் ஆரிஃப் கான் ஆடினார்.

பனிச்சறுக்குப் பலகையும் ஒரு காலத்தில் மரம்தான். ஹிக்கரி என்ற கனத்த மரத்தில் தச்சர்கள் இழைத்தார்கள். 1947-ல் அமெரிக்க விமானத் தொழிற்சாலைப் பொறியாளர் ஹோவர்ட் ஹெட் விடுமுறையில் சறுக்கப் போனார். பலகையின் கனம் அவருக்குப் பிடிக்கவில்லை. விமான இறக்கையில் செய்வதைப்போல அலுமினியத் தகடுகளுக்கு நடுவே லேசான உள்ளீடு வைத்து ஒட்டினால் என்ன என்று யோசித்தார். செய்து எடுத்துப்போனார். சறுக்குப் பயிற்சியாளர்கள் கையில் கொடுத்தார், உடைத்துக்கொடுத்தார்கள். திரும்பச் செய்தார், திரும்ப உடைந்தது. சுமார் நாற்பது வடிவங்கள், மூன்று ஆண்டுகள். உள்ளீட்டுக்கு ஒட்டுப்பலகை, ஓரத்துக்கு எஃகு என்று மாற்றி மாற்றி 1950-ல் விற்பனைக்கு வந்தது ஹெட் பலகை. 1960 ஒலிம்பிக்கில் பிரான்சின் ஜான் வுவார்னே உலோகப் பலகையில் தங்கம் வென்றார். பிறகு கண்ணாடி இழை வந்தது. 1993-ல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம், நடுவில் நன்றாக ஒடுங்கி இரு முனையிலும் அகன்ற எஸ்.சி.எக்ஸ். என்ற பலகையைக் கொண்டுவந்தது. பலகையைச் சாய்த்தாலே அது தானாக வட்டமடித்துத் திரும்பும். சில ஆண்டுகளில் உலகச் சந்தையில் நீளப் பலகைகள் மறைந்து குட்டைப் பலகைகள் நிறைந்தன. ஹிக்கரி இழைத்த தச்சர்களின் காலம் முடிந்தது.

சோதனை விஷயத்தில் பனிச்சறுக்கிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. விழும்போது பலகை காலணியிலிருந்து கழன்றுகொள்ளாவிட்டால் கால் எலும்பு முறியும். லேசாகவே கழன்றால் அதுவும் ஆபத்து. எவ்வளவு முறுக்கு விசையில் கழலவேண்டும் என்பதை ஆட்களின் எடை, உயரம், வயது, காலணி நீளம் ஆகியவற்றோடு சேர்த்து அட்டவணை போட்டார்கள். முதலில் ஜெர்மானியத் தரம், பிறகு உலகத் தரம். இந்தப் பிணைப்பிகள் தேறத் தேற முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிவது பெருமளவு குறைந்தது. ஆனால் முழங்கால் தசைநார்க் காயம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஏனென்றால் சோதனை எதை அளந்ததோ அது சரியாயிற்று. எதை அளக்கவில்லையோ அது அப்படியே நின்றது. பொறியாளர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டிய பாடம் இது.

அளவுகோல் யார் கையில்?

ஹாக்கிக்குத் திரும்புவோம். பொருளுக்கு எல்லை இல்லை என்று திறந்துவிட்டால் பணக்கார நாடு பீரங்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதா? வரும். அதற்காகத்தான் விதி. இன்றைய மட்டைக்குரிய முக்கிய விதிகள் இவை:

நீளம் 105 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். எடை 737 கிராமுக்கு மேல் போகக்கூடாது. உறைகளோடு சேர்த்து மட்டை 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழையவேண்டும். தண்டின் வில் வளைவு 25 மில்லிமீட்டருக்குள். இந்த எல்லை 2006-ல் வந்தது. மட்டையைச் சமதளத்தில் கிடத்தி, 25 மில்லிமீட்டர் உயரமுள்ள உருளை அடியில் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழைந்தால் மட்டை வெளியே. கடைசியாக, சோதனைக்கூடத்தில் அடித்துப் பார்க்கும்போது பந்தின் வேகம் மட்டைமுனையின் வேகத்தில் 98 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது முனை மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் பந்து 98-க்கு மேல் போகக்கூடாது.

இந்த 98 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விலைக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம். வேகத்துக்குக் கூரை போட்டாயிற்று. எத்தனை ஆயிரம் ரூபாய் கொட்டினாலும் கூரைக்கு மேல் போக முடியாது. ஆகவே அந்தக் கூரையைத் தொடுகிற மட்டையைக் குறைந்த விலையில் செய்பவனுக்குத்தான் நாளைய சந்தை. ஆனால் தொட்டுவிட்டோம் என்று நிரூபிக்க அளக்கத் தெரியவேண்டும். காதால் கேட்டுச் சொல்லும் மிஸ்திரியின் தீர்ப்பை வெளிநாட்டு வியாபாரி ஏற்கமாட்டான். அவனுக்கு அறிக்கை வேண்டும், எண் வேண்டும்.

ஜலந்தர் சறுக்கியது இங்கேதான் என்பது என் கருத்து. மரமும் கையும் நம்மிடம் இருந்தன. தரையை மாற்றும் முடிவு, பொருளை அனுமதிக்கும் முடிவு, அளவுகோலை வகுக்கும் முடிவு எல்லாம் வேறெங்கோ நடந்தன. நாம் செய்தி வந்த பிறகு ஓடினோம். எல்லைக்கு அப்பாலிருந்த சியால்கோட் காம்போசிட் வார்ப்பை வேகமாகக் கற்றுக்கொண்டது. உலகின் பிரபல பெயர்களைத் தாங்கிய மட்டைகள் பல அங்கே செய்யப்பட்டவைதான். ஜலந்தரிலும் காம்போசிட் செய்பவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் பஸ்தியில் வீட்டுத் திண்ணையில் மரம் வளைத்த குடும்பங்களுக்கு அச்சும் அழுத்தமானியும் வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. 1947-ல் எல்லை தாண்டியும் பிழைத்த கைத்தொழில், தரை மாறியபோது தடுமாறியது. இதுதான் இந்த வரலாற்றின் வேதனையான பக்கம்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள்

"ஹாக்கி எல்லாம் பஞ்சாப், ஒடிசா சமாச்சாரம், நமக்கென்னப்பா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கோவில்பட்டி என்ற ஒரே ஊர் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைக் கொடுத்திருக்கிறது. அரியலூர் பையன் கார்த்தி செல்வம் இந்திய அணியில் இடம் பிடித்தார். 2023-ல் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் வெண்கலம் வந்த பிறகு சின்னப் பிள்ளைகள் மறுபடி மட்டை கேட்கிறார்கள்.

ஆனால் எந்த மட்டை? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பையன் வளைந்த வேலிக்காத்தான் கிளையிலோ சில நூறு ரூபாய் மரமட்டையிலோ தொடங்குகிறான். நல்லா ஆடினால் மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு. அங்கே தரை வேறு, பந்தின் வேகம் வேறு, பக்கத்தில் நிற்பவன் கையில் இருக்கும் மட்டையின் விலை ஆயிரங்களில். குறைந்த விலையில் விதிக்குட்பட்ட காம்போசிட் மட்டை கிடைத்தால் அந்தப் பையனுக்கு ஒரு தடை குறையும். தரை போடுவது அரசாங்கத்தின் வேலை. மட்டை செய்வது நம்மால் ஆகாத வேலையா?

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

ஆகும் என்று நினைக்கிறேன். மட்டைக்குத் தேவையான இழையும் பிசினும் ராக்கெட் ரகசியம் இல்லை. நம் மாநிலத்திலேயே படகுக் கூடு, பேருந்து உதிரிபாகம் என்று கண்ணாடி இழையில் வார்ப்பவர்கள் ஏராளம். கிண்டியில் சிப்பெட் போன்ற நிறுவனம் இருக்கிறது. நம்மிடம் குறைவது அளந்து பார்க்கும் பழக்கம்தான். அதை இறுதியாண்டு புராஜெக்ட்டிலேயே தொடங்கலாம். மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, பொருள் வலிமை ஆய்வுக்கூடத்திலுள்ள யு.டி.எம். இயந்திரத்தில் ஒரு மரமட்டையையும் ஒரு காம்போசிட் மட்டையையும் இரு முனையில் தாங்கி நடுவில் அழுத்திப் பாருங்கள். ஒரே சுமைக்கு எது எவ்வளவு வளைகிறது என்று வரைபடம் போடுங்கள். நாலாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்த சூத்திரம் அப்போதுதான் உயிர் பெறும்.

இரண்டு, மட்டையை இறுகப் பிணைத்துவைத்து, குறிப்பிட்ட உயரத்திலிருந்து பந்தை விழவிட்டு எவ்வளவு எழும்புகிறது என்று கைப்பேசியின் ஸ்லோமோஷனில் படம் எடுத்து அளவிடுங்கள். முனையில், தண்டில், வளைவில் என்று இடம் மாற்றி அளந்தால் மட்டையின் ஸ்வீட் ஸ்பாட் எங்கே என்று தெரிந்துவிடும்.

மூன்று, மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எந்த மட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதை ஐரோப்பியச் சோதனைக்கூடம் நமக்காகச் செய்து தராது. அது நம் கேள்வி, நாம்தான் அளக்கவேண்டும்.

இப்படி மூன்று அணிகள் மூன்று வருடம் தொடர்ந்து செய்தால் கல்லூரியில் ஒரு நல்ல தரவேடு உருவாகும். உழைக்க மாணவர்கள் முன்வந்தால், மட்டையும் இழையும் வாங்கும் செலவைப் பழைய மாணவர்கள் நாம் பகிர்ந்துகொள்ளலாம். சங்கக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன்.

தியான்சந்த் மட்டைக்குள் காந்தம் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். ஹோவர்ட் ஹெட்டோ உடைந்த ஒவ்வொரு பலகையையும் எடுத்துப் பார்த்து, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று கேட்டார். கருவியை உடைத்துப் பார்ப்பதில் தவறே இல்லை தம்பிகளே, தங்கைகளே. உடைத்த பிறகு என்ன கேள்வி கேட்கிறோம் என்பதில்தான் பொறியியல் இருக்கிறது. அடுத்த சந்திப்பு மலரில் உங்களில் ஒருவர், உங்கள் அளவீடுகளோடு, இந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதியை எழுதவேண்டும் என்பது என் ஆசை.